ஓர் எழுத்தில் குலையும் வலை

புரோஜீரியா நோயுடன் பிறக்கும் குழந்தையிடம் முதலில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஓரிரு வயதுக்குள் வளர்ச்சி தடைபடும். தலைமுடி கொட்டும், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு வற்றும், மூட்டுகள் இறுகும். அறிவுக்கு மட்டும் எந்தக் குறையும் இருக்காது. முதுமையில் வர வேண்டிய ரத்தக்குழாய் அடைப்பு பள்ளி வயதிலேயே வந்துவிடும். சிகிச்சை கிடைக்காதவர்கள் சராசரியாக 14 வயதை ஒட்டி மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ இறந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்து மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் 1886-இல் இந்த நோயைப் பதிவு செய்தார். காரணம் தெரிய 2003 வரை ஆனது. செல்லின் உட்கருவுக்குள், அதன் சவ்வை ஒட்டி விரிந்திருக்கும் ‘லேமினா’ என்ற மெல்லிய வலையில்தான் கோளாறு இருந்தது.

இந்த வலை லேமின் எனும் புரதங்களால் ஆனது. ஓர் இழையின் தடிமன் சுமார் 3.5 நானோமீட்டர், ஏறத்தாழ மூன்று லட்சம் இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். இவ்வளவு மெல்லிய வலைதான், இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ.வை அடக்கிய உட்கருவின் வடிவத்தைக் காக்கிறது.

அதன் வேலை அத்துடன் முடிவதில்லை. டி.என்.ஏ.வில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த வலையை ஒட்டிக் கிடக்கிறது. அப்பகுதி மரபணுக்கள் பெரும்பாலும் அடங்கியே இருக்கின்றன. எது பேச வேண்டும், எது மௌனமாக இருக்க வேண்டும் என்பதில் இந்த வலைக்கும் பங்கு உண்டு. அழுத்தத்தையும் இழுவிசையையும் தாங்கும் எலும்பிலும் தசையிலும் லேமின்-ஏ அதிகம்; மென்மையான மூளையில் குறைவு. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் வலை முழுவதும் அவிழ்ந்து, புதிய செல்களில் மறுபடி பின்னிக்கொள்கிறது.

புரோஜீரியாவில் நடப்பது விசித்திரமானது. லேமின்-ஏ மரபணுவின் 1824-ஆவது எழுத்தில் சைட்டோசினுக்குப் பதில் தைமின் வந்துவிடுகிறது. பழைய எழுத்தும் புதிய எழுத்தும் குறிப்பது கிளைசின் என்ற ஒரே அமினோ அமிலத்தைத்தான். எனவே எந்தக் கெடுதலும் நேரக் கூடாது. ஆனால் செல் அந்த இடத்தை வெட்டும் இடம் என்று தவறாகப் படிக்கிறது. புரதத்தில் 50 அமினோ அமிலங்கள் விடுபட்டுப் போகின்றன.

விடுபட்ட பகுதியில்தான் ஆபத்து இருக்கிறது. புதிதாக உருவாகும் லேமின்-ஏ, சவ்வில் பற்றிக்கொள்ள ஒரு கொழுப்பு வாலுடன் வருகிறது. கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவதுபோல, வேலை முடிந்ததும் ஒரு நொதி அந்த வாலை வெட்டி எடுத்துவிடும். வெட்ட வேண்டிய இடமே காணாமல் போனதால் வால் அப்படியே நிற்கிறது. ‘புரோஜெரின்’ எனப்படும் அந்தக் குறைப் புரதம் சவ்விலேயே ஒட்டிக்கொண்டு குவிகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், வழவழப்பான முட்டை வடிவில் இருக்க வேண்டிய உட்கரு புடைத்தும் மடிந்தும் கிடக்கும். ஒவ்வொரு இதயத்துடிப்பின் விசையையும் தாங்க வேண்டிய ரத்தக்குழாய்த் தசைச் செல்கள் மடிகின்றன.

கொழுப்பு வால் ஒட்டாமல் தடுத்தால் என்ன என்று ஆய்வாளர்கள் யோசித்தார்கள். புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட லோனாஃபார்னிப் என்ற மருந்து அதைச் செய்தது. 2020 நவம்பரில் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. அது நோயைக் குணப்படுத்துவதில்லை. ஆயுளைச் சராசரியாக இரண்டரை ஆண்டு வரை நீட்டிக்கிறது. 2021-இல் எலிகளில் அந்த ஓர் எழுத்தையே திருத்திப் பார்த்தார்கள். 215 நாளாக இருந்த இடைநிலை ஆயுள் 510 நாளாக உயர்ந்தது.

இந்த நோய் உலகில் சில நூறு குழந்தைகளுக்கே இருக்கிறது. அவர்களுக்காக இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள் உண்டு. சாம் என்ற சிறுவனுக்கு நோய் இருப்பது தெரிந்தபோது, மருத்துவரான அவன் தாய் லெஸ்லி கார்டன் குடும்பத்தினருடன் சேர்ந்து 1999-இல் புரோஜீரியா ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார்; நான்கே ஆண்டில் மரபணு பிடிபட்டது. பிறகு தெரியவந்த செய்தி எல்லோரையும் தொடுவது: இந்த நோய் இல்லாதவர்களின் செல்களிலும் புரோஜெரின் சிறிதளவு உருவாகிறது. அந்தக் குழந்தைகளுக்காகத் தேடியதால்தான் நம் முதுமையைப் பற்றியும் கேட்க ஒரு கேள்வி கிடைத்தது. நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்து ஓர் ஆராய்ச்சியின் தேவையை அளப்பது தவறு.