ஆணையில்லாத ஆயர்கள்

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு குருவை ஆயராகத் திருநிலைப்படுத்தும் சடங்கில், தொடக்கத்திலேயே ஒரு கேள்வி வரும். திருத்தந்தையின் ஆணை உங்களிடம் இருக்கிறதா என்று சடங்கை நடத்தும் ஆயர் கேட்பார். இருக்கிறது என்று பதில் வரும். வாசியுங்கள் என்பார். ரோமிலிருந்து வந்த மடல் எல்லாரும் கேட்க வாசிக்கப்படும். 1988 ஜூன் 30 அன்று, சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள எக்கோன் குருமடத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் இதே கேள்வி லத்தீனில் கேட்கப்பட்டது. இருக்கிறது என்றே பதிலும் சொல்லப்பட்டது. ஆனால் வாசிக்கப்பட்டது ரோம் அனுப்பிய மடல் அல்ல. மரபுக்கு என்றும் உண்மையாக இருக்கும் ரோமைத் திருச்சபையே இந்த ஆணையைத் தருகிறது என்று சொல்லும் ஓர் உரை அது, எக்கோன்காரர்களே எழுதியது. ரோமில் அப்போது திருத்தந்தையாக இருந்த இரண்டாம் ஜான் பாலோ இந்தச் சடங்கை நடத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சடங்கை நடத்தியவர் பிரெஞ்சுப் பேராயர் மர்செல் லெஃபெவ்ர். வயது 82. பக்கத்தில் நின்று கைவைத்தவர் பிரேசிலின் காம்போஸ் மறைமாவட்ட முன்னாள் ஆயர் அந்தோனியோ தெ காஸ்த்ரோ மேயர். ஆயர்களானவர்கள் நான்கு பேர்: பிரான்ஸின் பெர்னார் திஸியே தெ மல்ரே, இங்கிலாந்தின் ரிச்சர்ட் வில்லியம்சன், ஸ்பெயினில் பிறந்த அல்ஃபோன்ஸோ தெ கலரெத்தா, சுவிட்சர்லாந்தின் பெர்னார் ஃபெலே. மறுநாளே ரோம் ஆணை பிறப்பித்தது: ஆறு பேரும் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர்கள்.

இதை 'லத்தீன் பூசைத் தகராறு' என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது நம் பத்திரிகைகளின் வழக்கம். அது போதாது. பூசை எந்த மொழியில் என்பது இந்தச் சண்டையின் வாசல் மட்டுமே. யார் ஆயரை உருவாக்கலாம், திருச்சபை தவறிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதுதான் உள்ளே நடக்கும் வழக்கு.

எக்கோன் வரை வந்த வழி

லெஃபெவ்ர் ஓரத்திலிருந்து கூச்சலிட்ட ஆள் இல்லை. 1905-இல் பிரான்ஸின் வட எல்லை ஊரான தூர்க்வானில் பிறந்தவர். தூய ஆவி சபைக் குருவாகக் காபோன் நாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றினார். பின்பு டாக்கரின் முதல் பேராயர். பிரெஞ்சு ஆப்பிரிக்கா முழுமைக்கும் திருத்தந்தையின் பிரதிநிதி. ஆப்பிரிக்கக் குருக்களை உருவாக்கியவர். அவருடைய தந்தை நாஜிக்களின் சிறையில் 1944-இல் உயிர்விட்டார். 1962-இல் தொடங்கிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குத் தம் துறவற சபையின் உலகத் தலைவராகப் போனவர், அங்கே பழைமை பேணும் ஆயர்களை ஒன்றுசேர்த்து வாதாடினார்.

1965-இல் சங்கம் முடிந்தபோது அவருடைய தரப்பு பெரும்பாலும் தோற்றிருந்தது. சமய சுதந்திரம் மனிதரின் உரிமை என்ற பிரகடனம், பிற கிறிஸ்தவச் சபைகளோடு நெருக்கம், திருத்தந்தையோடு ஆயர்கள் கூட்டாகப் பொறுப்பேற்பது ஆகிய மூன்றும் அவருக்கு ஏற்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் திருச்சபைக்குள் புகுந்துவிட்டன என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன குற்றச்சாட்டு. பிரான்ஸில் மரபுவாதக் கத்தோலிக்கத்திற்கும் மன்னராட்சி ஆதரவு, தீவிர வலதுசாரி அரசியலுக்கும் பழைய உறவு உண்டு. 1976-இல் லீல் நகரில் ஆயிரக்கணக்கானோர் கூடிய பூசையில் லெஃபெவ்ர் அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியைப் புகழ்ந்து பேசியது அந்த உறவை எல்லாருக்கும் காட்டியது.

ஆனாலும் அவர் பின்னால் போன மக்களுக்கு இந்த அரசியல் மட்டும் காரணமில்லை. திருத்தந்தை ஆறாம் பவுலின் புதிய திருப்பலி நூல் 1969 நவம்பர் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. நூற்றாண்டுகளாக லத்தீனில், குரு கிழக்கு நோக்கி நின்று, பெரும்பகுதி மௌனமாக நடந்த பூசை, சில ஆண்டுகளுக்குள் மக்கள் மொழிக்கும், மக்களை நோக்கிய பீடத்திற்கும் மாறியது. தமிழ்க் கத்தோலிக்கரில் பெரும்பாலோருக்கு இது வரம். புரியாத சொற்களுக்குப் பதிலாகத் தாய்மொழியில் வேண்டும் உரிமை. ஐரோப்பாவின் பல ஊர்களிலோ பழைய பீடங்கள் பெயர்க்கப்பட்டன, கிரகோரியன் பாடல்கள் நின்றுபோயின. பாட்டன் முப்பாட்டன் வேண்டிய முறையில் வேண்டக் கூடாது என்று ஒரே நாளில் சொல்லப்பட்டவரின் வலியை ரோம் அன்று காது கொடுத்துக் கேட்கவில்லை. அந்தக் கண்டிப்புக்கான விலையைத்தான் அது இன்றுவரை கொடுக்கிறது என்பது என் எண்ணம்.

1970 நவம்பர் 1 அன்று லெஃபெவ்ர் புனித பத்தாம் பயஸ் குருக்கள் சங்கத்தை நிறுவினார். ஃப்ரிபூர்க் ஆயர் ஆறாண்டு சோதனை அனுமதி கொடுத்தார். பழைய பூசை, பழைய பாடமுறை, மாணவர்கள் குவிந்தார்கள். 1974-இல் ரோமின் ஆய்வாளர்கள் எக்கோனுக்கு வந்துபோனதும், புதுமைப் போக்குள்ள ரோமைப் பின்பற்ற மறுக்கிறோம் என்று லெஃபெவ்ர் அறிக்கை விட்டார். மறு ஆண்டு அங்கீகாரம் திரும்பப் பெறப்பட்டது. 1976 ஜூன் 29 அன்று தடையை மீறி 13 பேருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். குருத்துவப் பணி எதையும் செய்யக் கூடாது என்று ரோம் அவரை இடைநீக்கம் செய்தது. அவர் நிறுத்தவில்லை. 1977-இல் அவருடைய தரப்பினர் பாரிஸின் செயின்ட் நிக்கோலா து ஷார்தொனே ஆலயத்துக்குள் புகுந்து அமர்ந்தார்கள். நீதிமன்றம் வெளியேறச் சொல்லியும் இன்றுவரை அது அவர்கள் வசமே இருக்கிறது.

செல்லும், ஆனால் சட்டப்படி அல்ல

குருக்களை உருவாக்க ஆயர் வேண்டும். லெஃபெவ்ர் இறந்துவிட்டால் எக்கோன் மாணவர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க ஆளில்லை. ஒரு தலைமுறையில் சங்கம் தானே அணைந்துபோகும். 1980-களில் அவரை வாட்டிய கணக்கு இதுதான்.

இங்கே கத்தோலிக்க இறையியலின் வினோதமான ஓர் அம்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். திருத்தூதர்கள் காலம் தொட்டுக் கைவைத்தலின் வழியாக வரும் தொடர்ச்சியே ஆயர் பட்டம். முறையாகப் பட்டம் பெற்ற ஓர் ஆயர், முறையான சடங்கோடும் எண்ணத்தோடும் இன்னொருவர் தலைமேல் கைவைத்தால், அவர் ஆயர்தான். திருத்தந்தை தடுத்திருந்தாலும் ஆயர்தான். அந்தச் செயல் சட்டவிரோதம். ஆனால் வெற்றுச் செயல் இல்லை. ரோம் தண்டிக்கலாம், விலக்கலாம்; நடந்ததை நடக்காததாக ஆக்க முடியாது. உலகத்து அரசுகளில் அரசின் ஆணை இல்லாமல் ஒருவர் ஆளுநராக முடியாது. திருச்சபையில் ஆணை இல்லாமலும் ஆயராகிவிடலாம். அதனால்தான் இந்த ஒரு குற்றத்திடம் ரோமுக்கு அவ்வளவு அச்சம். வழிமரபு தனியாகக் கிளைத்துவிட்டால் அதை வெட்ட முடியாது.

இந்தக் குற்றத்துக்கான தண்டனையின் வரலாறும் கவனிக்க வேண்டியது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் ஆணையின்றி ஆயரை ஆக்கியவருக்கு இடைநீக்கம் மட்டுமே. அதைச் செய்த கணமே தானாக விழும் விலக்காக உயர்த்தியது 1951-இல், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் காலத்தில். சீனாவில் கம்யூனிஸ்ட் அரசு ரோமைச் சாராத ஒரு தேசியத் திருச்சபையை உருவாக்க முனைந்ததுதான் பின்னணி. 1983-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தக் கடுமையைத் தொடர்ந்தது. சீன அரசின் பிடியை உடைக்க வார்த்த விதி, வேறெவரையும் விட ரோமை நேசிப்பதாகச் சொன்ன பிரெஞ்சுப் பேராயர் மேல் விழுந்தது. 2018-இல் சீனாவோடு உடன்பாடு செய்த திருத்தந்தை பிரான்சிஸ், ஆணையின்றித் திருநிலைப்படுத்தப்பட்ட ஏழு சீன ஆயர்களை மன்னித்துச் சேர்த்துக்கொண்டார். கட்சி பரிந்துரைத்த ஆயர்களுக்குக் கிடைத்தது எங்களுக்கு ஏன் இல்லை என்று மரபுவாதிகள் கேட்பதற்கு இது இடம் கொடுத்தது.

லெஃபெவ்ர் தரப்பின் சட்ட வாதம் 'அவசியநிலை' என்ற ஒரே தூணில் நிற்கிறது. அவசியத்தால் சட்டத்தை மீறியவருக்குத் தண்டனை இல்லை என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. ஆன்மாக்கள் ஆபத்தில் இருந்தன, வேறு வழியில்லை, ஆகவே மீறினோம் என்கிறார்கள். வேறு வழி இருந்ததே என்பது ரோமின் பதில். அதற்கு அது காட்டும் சான்று 1988 மே மாதம்.

அந்த மே 5 அன்று லெஃபெவ்ரும், பிற்பாடு திருத்தந்தை ஆன கர்தினால் யோசப் ராட்சிங்கரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம், பழைய பூசைக்கு அனுமதி, ரோமில் ஒரு குழு, சங்கத்திலிருந்தே ஓர் ஆயர். லெஃபெவ்ர் கேட்டதில் பெரும்பகுதி அதில் இருந்தது. அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. மறுநாள் காலை கடிதம் எழுதினார்: ஜூன் 30-க்குள் ஆயர் வேண்டும். பின்பு, ஒருவர் போதாது, மேலும் ஆயர்கள் வேண்டும், ரோமின் குழுவில் மரபுத் தரப்புக்குப் பெரும்பான்மை வேண்டும் என்றார். ஆகஸ்டு 15-க்குள் ஓர் ஆயரைத் தருகிறோம் என்று ரோம் சொல்லிப் பார்த்தது. சடங்குக்கு முந்தைய நாள், உடனே ரோமுக்குப் புறப்பட்டு வாருங்கள் என்று ராட்சிங்கர் தந்தி அடித்தார். அவர் போகவில்லை.

ஜூன் 30-க்கும் ஆகஸ்டு 15-க்கும் இடையே ஆறரை வாரம். அந்த இடைவெளிக்காகத் திருச்சபை பிளந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. காலம் கடத்தி, தான் இறக்கும்வரை காத்திருப்பார்கள் என்று முதியவர் நம்பினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அசிசியில் இரண்டாம் ஜான் பால் பிற சமயத் தலைவர்களோடு கூடி வேண்டியதைப் பார்த்தபின், ரோம் எந்த வாக்கையும் காப்பாற்றும் என்ற நம்பிக்கை அவருக்குப் போயிருந்தது. அவருடைய வேதனை நேர்மையானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அவசியம் எப்போது வந்தது, எப்போது தீர்ந்தது என்பதைச் சம்பந்தப்பட்டவரே தீர்மானிப்பார் என்றால், திருத்தந்தைக்குக் கீழ்ப்படிதல் என்ற சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சும்? புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை வாழ்நாளெல்லாம் கண்டித்த ஒருவர், தம் மனச்சான்றின் பெயரால் ரோமை மீற வேண்டிவந்தது இந்த வரலாற்றின் ஆழமான துயரம்.

அதற்குப் பிறகு

எல்லாரும் லெஃபெவ்ரோடு நிற்கவில்லை. சடங்கு நடந்த சில நாட்களிலேயே அவருடைய குருக்களில் சிலர் பிரிந்து வந்து, ரோமின் ஒப்புதலோடு புனித பேதுரு குருக்கள் சகோதரத்துவத்தைத் தொடங்கினார்கள். பழைய பூசையும் உண்டு, திருத்தந்தையோடு ஒன்றிப்பும் உண்டு. 1991 மார்ச்சில் லெஃபெவ்ரும், அடுத்த மாதம் காஸ்த்ரோ மேயரும் விலக்கு நீங்காமலே இறந்தார்கள். காம்போஸ் குருக்கள் தங்களுக்கு ஓர் ஆயரை எக்கோன் ஆயர்கள் வழியாக ஆக்கிக்கொண்டார்கள். ஆனால் 2002-இல் அவர்களே ரோமோடு சமாதானமானார்கள். அவர்களுக்கெனத் தனி நிர்வாகம் கொடுத்த ரோம், அதே ஆண்டு திருத்தந்தையின் ஆணையோடு ஓர் ஆயரையும் கொடுத்தது. பழைய பூசை அங்கே இன்றும் நடக்கிறது. 1988-இல் நடந்திருக்கக்கூடியது எது என்பதற்குக் காம்போஸ்தான் சாட்சி.

எக்கோனோடு சமாதானம் காண அதிகம் பாடுபட்டவர் ராட்சிங்கர். பதினாறாம் பெனடிக்டாக 2007-இல் பழைய பூசையை எந்தக் குருவும் நிறைவேற்றலாம் என்றார். 2009 ஜனவரியில் நான்கு ஆயர்கள் மீதான விலக்கை நீக்கினார். அதே நாட்களில் சுவீடன் தொலைக்காட்சியில், நாஜிக்களின் நச்சுவாயு அறைகளே இருந்ததில்லை என்று வில்லியம்சன் பேசிய நேர்காணல் ஒளிபரப்பானது. உலகமே கொதித்தது. இணையத்தைப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்று பெனடிக்ட் ஆயர்களுக்கு எழுதிய மடலில் ஒப்புக்கொண்டார். தொடர்ந்த கோட்பாட்டுப் பேச்சுகள் 2012-இல் முறிந்தன. சங்கமே அந்த ஆண்டு வில்லியம்சனை வெளியேற்றியது. ரோமோடு பேசுவதே துரோகம் என்ற அவர் 2015-இல் பிரேசிலில் தாமாக ஓர் ஆயரை ஆக்கினார். மீண்டும் அதே அவசியநிலை வாதம், இந்த முறை லெஃபெவ்ரின் சங்கத்துக்கே எதிராக. அந்த வாதத்துக்கு நிற்குமிடம் கிடையாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பிரான்சிஸ் 2021-இல் பழைய பூசையை மறுபடி கட்டுப்படுத்தினார். அவரேதான் இந்தச் சங்கக் குருக்கள் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செல்லும் என்று 2015-இல் அறிவித்து, பின்பு அதை நிரந்தரமாக்கியவர். 2017-இல் உள்ளூர் ஆயரின் அனுமதியோடு அவர்கள் முன் நடக்கும் திருமணங்களுக்கும் வழி செய்தார். பாளையங்கோட்டையிலும் இலங்கையின் நீர்கொழும்பிலும் இந்தச் சங்கத்துக்கு இல்லங்கள் உண்டு. அங்கே போகும் குடும்பத்துக்கு இதன் பொருள்: பூசை செல்லும், ஆனால் சட்டப்படி முறையானதன்று, பாவமன்னிப்பு செல்லும், திருமணத்துக்கு உள்ளூர் ஆயரின் அனுமதி தேவை.

திஸியே தெ மல்ரே 2024 அக்டோபரில் இறந்தார், வில்லியம்சன் 2025 ஜனவரியில். எக்கோனில் ஆயரானவர்களில் எஞ்சியிருப்பவர்கள் ஃபெலேயும் கலரெத்தாவும் மட்டுமே. ஒருவர் 1958-இலும் மற்றவர் 1957-இலும் பிறந்தவர்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட குருக்கள், பல கண்டங்களில் ஆலயங்கள், பள்ளிகள், குருமடங்கள். குருப்பட்டத்துக்கும் உறுதிபூசுதலுக்கும் இந்த இருவரே ஊர் ஊராகப் போக வேண்டும். புதிய ஆயர்கள் வேண்டும் என்ற பேச்சு சங்கத்துக்குள் வெளிப்படையாகவே எழுந்திருக்கிறது. 2025 மே மாதம் திருத்தந்தையாகப் பொறுப்பேற்ற பதினான்காம் லியோ திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1988-இல் ஒப்பந்தத்தின் இருபுறமும் இருந்த லெஃபெவ்ர், ராட்சிங்கர், இரண்டாம் ஜான் பால் மூவரும் இன்று இல்லை. ஆயர் ஆணை கொடுப்பதானால், குருக்கள் சங்கம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை எந்த அளவுக்கு ஏற்க வேண்டும் என்பதை லியோ சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வரியில்தான் 1988-க்குப் பின் நடந்த எல்லாப் பேச்சுகளும் நின்றுபோயின.