பிரயாணியின் கையில் ஒரு வழிகாட்டி

வடபகுதிப் புகையிரதப் பாதை முடிவடையும் இடம் காங்கேசன்துறை. பொல்காவலைச் சந்தியில் பிரிந்து வரும் அப்பாதையின் நீளம் 339 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பகுதி 1902இல் திறக்கப்பட்டது. கொழும்புடனான தொடர்பு 1905இல் பூர்த்தியாயிற்று. 1956இல் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியது. 1990இல் போர் காரணமாகச் சேவை நின்றது. 2015 ஜனவரி 2ஆந் திகதி புகையிரதம் மீண்டும் துறையை வந்தடைந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறையே புகையிரத ஓசையைக் கேளாது வளர்ந்தது.

பாதை வந்துவிட்டது. ஆயினும், “வண்டி எப்போது வரும்? தவறினால் அடுத்தது எது?” என்னும் பிரயாணியின் பழைய கேள்வி இருந்தபடியே இருக்கின்றது. இதற்கு விடை கூறவல்ல கருவி இன்று அநேகர் கையில் உண்டு, அதுவே கைத்தொலைபேசி. அதற்கான செயலியைச் சாதாரண மக்களுக்கு ஏற்றவாறு அமைப்பது எவ்வாறு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்குத் தூர இடங்களிலிருந்தும் நோயாளர் வருகின்றனர். கிளிநொச்சியிலிருந்து வரும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணம் வரை ஒரு வண்டி. அங்கிருந்து காங்கேசன்துறை வீதியில் மற்றொன்று. சிகிச்சை முடிந்து களைப்புடன் திரும்பும் அவருக்குக் கடைசி பஸ் தவறுமானால், அது வெறும் அசௌகரியம் அன்று, பெருந்துன்பம். செயலி அவருக்காகவே அமைதல் வேண்டும்.

முதலாவது, வேண்டாதவற்றை விலக்கல். லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹரி பெக் என்னும் வரைவாளர் 1931இல் வரைந்த படம் 1933இல் வெளியாயிற்று. உண்மையான தூரங்களையும் வளைவுகளையும் அவர் நீக்கிவிட்டார். எந்த நிலையத்துக்குப் பின் எந்த நிலையம், எங்கே மாறுவது என்பவற்றையே காட்டினார். மக்கள் அதனை விரும்பி ஏற்றனர். செயலியின் முதற்பக்கத்திலும் அடுத்த வண்டி, அதன் நேரம், ஏறும் இடம் ஆகிய மூன்றும் இருந்தாற் போதும்.

இரண்டாவது, பெயர். காங்கேசன்துறையைக் ‘கே.கே.எஸ்.’ என்போர் எத்தனை பேர்! தெல்லிப்பழையைத் தெல்லிப்பளை என எழுதுவோரும் உளர். எவ்விதம் எழுதினாலும் ஊரைக் கண்டுகொள்ளும் செயலியே நல்ல செயலி. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் முதற்பக்கத்திலேயே வேண்டும்.

மூன்றாவது, கண்ணும் விரலும். தொடும் பொத்தான் ஏறக்குறைய ஒன்பது மில்லிமீற்றர் அகலமாவது இருத்தல் நன்று. வெயிலிலும் எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் உண்டாகையால், தாமதத்தை நிறத்தால் மாத்திரம் காட்டலாகாது. ‘தாமதம்’ என்று எழுதவும் வேண்டும்.

நான்காவது, குறைந்த செலவு. பெங்களூரில் உருவான ‘வேர் இஸ் மை ட்ரெயின்’ என்னும் செயலியை 2018இல் கூகிள் நிறுவனம் வாங்கியது. வண்டியிலுள்ள பிரயாணிக்கு இணையம் இல்லாதபோதும், தொலைபேசிக் கோபுரங்களின் குறிப்பைக் கொண்டே வண்டி எங்கே வந்திருக்கிறது என்பதை அது கூறிவிடும்.

இவை யாவற்றிலும் முக்கியமானது உண்மை. நமது வடபாதை ஒற்றைப் பாதை. ஒரு வண்டி தாமதித்தால் எதிரே வருவதும் நிலையத்தில் காத்து நிற்க நேரிடும். 2024இல் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே திருத்த வேலைக்காகப் பாதை பல மாதங்கள் மூடப்பட்டிருந்தது. அத்தகைய வேளையில் பழைய நேரசூசியையே காட்டும் செயலி பிரயாணியை ஏமாற்றுவதாகும். “இந்நேரம் உறுதியானதன்று” என்று சொல்லும் நேர்மை வேண்டும்.

அதற்குச் செம்மையான தரவு அவசியம். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகிளும் 2005இல் நேரசூசிகளுக்குரிய பொதுவான எழுத்துமுறை ஒன்றை உருவாக்கின. உலகின் பல நகரங்கள் இன்று அதனைப் பின்பற்றுகின்றன. சென்னையில் 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘சென்னை ஒன்’ செயலி பஸ், மெற்றோ, புறநகர் ரயில் ஆகியவற்றை ஒரே சீட்டில் இணைத்தது. இங்கும் புகையிரதத் திணைக்களம், போக்குவரத்துச் சபை, தனியார் பஸ் உரிமையாளர் ஆகிய முத்திறத்தாரின் நேரங்களும் ஓரிடத்தில் சேர்ந்தாலன்றிப் பயனில்லை.

இப்பணியில் மாணவர்க்கும் பங்குண்டு. விடுமுறை நாளொன்றில் குறிப்புப் புத்தகத்துடன் பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்று, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, ஜனங்கள் எதைக் கேட்டார்கள் என்று எழுதிப் பாருங்கள். செயலி அமைக்கும் கலையின் முதற்பாடம் அதுவே. கைத்தொலைபேசி இல்லாத முதியவருக்கு அக்குறிப்பையே பெரிய எழுத்தில் எழுதி நிலையச் சுவரில் ஒட்டிவிட்டாலும், அதுவும் ஒரு நற்பணியே.