'ஃபார்மேட் பண்ணாத்தான் சரியாகுமா?': விண்டோஸை அழிக்காமல் ஏ.ஹெச்.சி.ஐ.க்கு மாறுவது எப்படி?

ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் தொடங்கினால், வெளியூரில் வேலை பார்க்கும் தென்காசிக்காரர்கள் லேப்டாப்பும் கையுமாக ஊருக்கு வருவது உண்டு. மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வந்த பிறகு, ஊரிலேயே இருந்து சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி ஒருவர், தன் சொந்த லேப்டாப்பில் விண்டோஸோடு உபுண்டுவையும் போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த யோசனை வருவது இயல்புதான். உபுண்டு இன்ஸ்டாலர் பாதியில் நின்று, 'ஆர்.எஸ்.டி.'யை அணைக்கச் சொல்கிறது. அவரும் பயாஸுக்குள் போய் 'ரெய்டு' என்று இருப்பதை 'ஏ.ஹெச்.சி.ஐ.' என்று மாற்றுகிறார். அடுத்த நிமிடம் நீலத்திரை: 'இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்'.

யாரிடம் கேட்டாலும், "விண்டோஸ் புதுசா போடணும், டேட்டா போயிரும்" என்ற பதில் வரக்கூடும். உண்மையில் டேட்டா எங்கேயும் போகவில்லை. அவசரப்பட்டு ஃபார்மேட் செய்தால்தான் போகும்.

*மாறியது என்ன?*

ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி.யோடு கம்ப்யூட்டர் எந்த முறையில் பேச வேண்டும் என்பதைச் சொல்வதுதான் இந்த செட்டிங். இதில் மூன்று வகை உண்டு. பழைய முறை, ஐ.டி.இ. 2004-ல் இன்டெல் வெளியிட்ட முறை, ஏ.ஹெச்.சி.ஐ. மூன்றாவது, இன்டெலின் சொந்த டிரைவர் நடுவில் நின்று கவனிக்கும் ரெய்டு அல்லது ஆர்.எஸ்.டி.

பிரானூர் பார்டர் பரோட்டா கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டேபிளுக்குப் பரிமாறி முடித்த பிறகே அடுத்த டேபிளில் ஆர்டர் கேட்டால், அது ஐ.டி.இ. பல டேபிள்களின் ஆர்டரை மொத்தமாக வாங்கி, கல்லில் எதை முதலில் போட்டால் சீக்கிரம் முடியுமோ அந்த வரிசையில் போட்டால், அது ஏ.ஹெச்.சி.ஐ. இதில் ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரை வரிசையில் நிற்கலாம். பழைய கம்ப்யூட்டரில் எஸ்.எஸ்.டி. மாட்டியும் ஐ.டி.இ.யிலேயே ஓட்டினால், அதன் முழு வேகம் கிடைக்காது.

*நீலத்திரை ஏன்?*

விண்டோஸ் ஆன் ஆகும்போது, வழக்கமாகத் தேவைப்படும் ஸ்டோரேஜ் டிரைவரை மட்டுமே எழுப்பும், மற்றவற்றைத் தூங்கவிடும். திடீரென முறையை மாற்றினால், புது டிரைவர் எழவில்லை. பழைய டிரைவருக்கு வேலை இல்லை. தான் இருக்கும் டிஸ்க்கையே விண்டோஸால் படிக்க முடியாமல் போகிறது.

இந்த நிலைமையில் மாட்டிக்கொண்டவர்கள் பயப்பட வேண்டாம். பயாஸில் பழைய செட்டிங்கையே திரும்ப வைத்தால், பெரும்பாலும் விண்டோஸ் பழையபடி வந்துவிடும்.

*சரியான வழி*

'சேஃப் மோடு'தான் இதற்குச் சாவி. அந்த முறையில் ஆன் ஆகும்போது விண்டோஸ் அடிப்படை டிரைவர்களை எழுப்பிப் பார்த்து, புது ஏற்பாட்டுக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ளும். விண்டோஸ் 10, 11-ல் செய்ய வேண்டியவை:

1. முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.

2. பிட்லாக்கர் ரெக்கவரி கீயை எழுதி வையுங்கள். 48 இலக்க எண் அது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்தாலும், அது பொதுவாக ஒரு ரீஸ்டார்ட் வரைதான் தாங்கும். அதனால் கீ கையில் இருந்தே ஆக வேண்டும்.

3. ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்று தேடித் திறங்கள். 'பூட்' பகுதியில் 'சேஃப் பூட்', 'மினிமல்' இரண்டையும் தேர்ந்தெடுங்கள்.

4. ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸுக்குள் நுழையுங்கள். பல கம்ப்யூட்டர்களில் எஃப்2 அல்லது டெலீட் பட்டன். அங்கே ஏ.ஹெச்.சி.ஐ.யைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்யுங்கள். இன்டெல் 11-வது தலைமுறை முதலான லேப்டாப்களில், 'வி.எம்.டி.' என்ற பெயரில் இருப்பதை அணைக்க வேண்டியிருக்கும்.

5. விண்டோஸ் சேஃப் மோடில் வரும். பின் நம்பர் அங்கே வேலை செய்யாமல் போகலாம். பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும்.

6. மறுபடி சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் 'சேஃப் பூட்' டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதை மறந்தால், ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே வந்து நிற்கும்.

அவ்வளவுதான். ஃபைல்கள், ஆப்கள், பாஸ்வேர்டுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

*யார் தொடக் கூடாது?*

இரண்டு டிஸ்க்குகளை நிஜமாகவே ரெய்டில் இணைத்து வைத்திருப்பவர்கள் இதை மாற்றக் கூடாது. அங்கே டேட்டாவுக்கே ஆபத்து. இன்டெல் ஆப்டேன் மெமரி இருந்தால், முதலில் அதை விண்டோஸுக்குள் முறையாக அணைத்துவிட வேண்டும். ஆபீஸ் லேப்டாப் என்றால் கையே வைக்காதீர்கள், ஐ.டி. டீமிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஆர்.எஸ்.டி.யில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை, வேகத்துக்காக மட்டும் மாற்றுவதிலும் பெரிய லாபம் இல்லை. லினக்ஸ் போடுவது போன்ற தெளிவான காரணம் இருந்தால் மாற்றலாம். அப்போதும் முதல் வேலை பயாஸ் அல்ல. ரெக்கவரி கீ கையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.