குழிக்குள் செத்தால் சட்டம் வருகிறது, மரத்தடியில் செத்தால்?

"தலைவரே, சுரங்கத்தப் பத்தி நமக்கு என்னாங்க? நாம மண்ணுக்கு மேலே வேலை செய்யறவங்க. மண்ணுக்கு அடியில சாகிறவன் கதை நமக்கு எதுக்கு?"

செனாவாங் பக்கத்துத் தோழர் ஒருவர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால், இன்று செம்பனைக் காட்டில் அரிவாள் பிடிக்கும் கைக்கும், ரப்பர் மரம் நின்ற இடத்தில் எழும்பிய தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன் நிற்கும் கைக்கும் சட்டத்தில் ஏதாவது பாதுகாப்பு எழுதியிருக்கிறது என்றால், அதன் வேர் சுரங்கத்தில்தான் இருக்கிறது தோழர்களே. அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பாட்டன் பூட்டன் மலாயாவுக்குக் கப்பல் ஏறிய அதே காலத்தில், வட ஆற்காடு, சேலம், தருமபுரிச் சீமையிலிருந்து இன்னொரு கூட்டம் மைசூர் சமஸ்தானத்துக் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனது. இங்கே ரப்பர், அங்கே தங்கம். அங்கேயும் வெள்ளைக்காரத் துரை, அங்கேயும் வரிசை லயம். ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கிய அந்தக் குழி, போகப் போக 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு ஆழத்தில் மேலிருக்கும் மலையின் பாரம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். அப்படி நசுங்கியவர்கள் ஒரு பக்கம். பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் தூசி நெஞ்சில் இறங்கி, நுரையீரல் கல்லாகி, பத்துப் பதினைந்து வருடம் கழித்து மூச்சுவிட முடியாமல் செத்தவர்கள் இன்னொரு பக்கம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போன இடம் தெரியும். தூசி போன இடம் நம் ஆட்களின் நெஞ்சு.

நம் நாட்டிலும் சுரங்கம் உண்டு. கிந்தாவின் ஈயத்தை எல்லாரும் அறிவார்கள். சிலாங்கூர் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி தோண்டினார்கள். ரயிலும் மின்சார நிலையமும் அதில்தான் ஓடின. சீனரும் தமிழரும் அந்தக் குழியில் ஒன்றாக இறங்கி, 1937-ல் ஒன்றாக வேலைநிறுத்தமும் செய்தார்கள். இன்று அந்தச் சுரங்கம் இல்லை, கல் குவாரிகள் இருக்கின்றன. 2022 மார்ச்சில் ஈப்போ சிம்பாங் பூலாய் குவாரியில் பாறை சரிந்து இரண்டு தொழிலாளர்கள் மாண்டதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

இப்போது சட்டம் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஹார்ட்லி என்று ஒரு நிலக்கரிச் சுரங்கம். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே குழிவாய்தான். 1862 ஜனவரியில், தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் பெரிய இரும்பு உத்திரம் முறிந்து அந்த வாயில் விழுந்து அடைத்துக்கொண்டது. உள்ளே இருந்த ஆண்களும் பையன்களுமாக 204 பேர் மாண்டார்கள். அந்த வருடமே சட்டம் வந்தது: எந்தச் சுரங்கத்துக்கும் இரண்டு வழி இருக்க வேண்டும். இரண்டாவது குழி தோண்டக் காசு ஆகும் என்று அதுவரை சொன்ன முதலாளிகள், 204 பிணத்துக்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே இங்கிலாந்தின் சுரங்கங்களில், பெரிய வெடிப்பிலும் வெள்ளத்திலும் செத்தவர்களைவிட, கூரை சரிந்து ஒருவர் இருவராகச் செத்தவர்களே அதிகம். அவர்களுக்காகப் பாராளுமன்றம் அவசரமாகக் கூடியதில்லை. இந்தியாவில் தன்பாத் பக்கம் சாஸ்னாலா சுரங்கத்தில் 1975 டிசம்பர் 27-ல் தண்ணீர் புகுந்து 375 பேர் மூழ்கினார்கள். அதை உலகமே பேசியது. பேசியும் என்ன, இரண்டு அதிகாரிகளுக்கு ஓராண்டுச் சிறை என்று நீதிமன்றம் சொன்னது 2012-ல்தான். கூட்டமாகச் செத்தவனுக்கே இந்தக் கதி என்றால், தனியாகச் சாகிறவன் கதி என்ன?

நம் தோட்டத்துச் சாவு எப்போதுமே தனிச் சாவுதான். செம்பனை உயர்ந்துவிட்டால் நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அறுக்கிறோம். 20 கிலோ குலை தலைக்கு மேலே இருக்கிறது. மட்டை எந்தப் பக்கம் சாயும் என்று மரத்துக்கே தெரியாது. முள் கண்ணில் தைக்கும். அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டால் அவ்வளவுதான், பக்கத்தில் நிற்பவன் தொடக்கூட முடியாது. டிராக்டர் சரிவில் புரளும். ஒரே நாளில் நூறு பேர் போவதில்லை, இந்த மாதம் இங்கே ஒருவர், அடுத்த மாதம் அங்கே ஒருவர். பத்திரிகையில் நான்கு வரி, சில நேரம் அதுவும் இல்லை.

மருந்தடிப்பு இன்னும் மோசம், அது தங்கவயல் தூசி மாதிரி. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெரியாத தோட்டம் உண்டா? என் தாயார் மருந்து அடித்தவர். முகமூடி கிடையாது, முக்காடுதான். கைநகம் கறுத்து உதிர்ந்தது. கிராணியிடம் காட்டினால், "சோப்புப் போட்டுக் கழுவும்மா" என்றார். அந்த மருந்து உள்ளே போய்விட்டால் மாற்று மருந்தே கிடையாது. ஐரின் பெர்னாண்டஸ் அம்மையாரின் தெனாகானித்தா அமைப்பு, மருந்தடிக்கும் தோட்டத்துப் பெண்களைப் பற்றி 2002-ல் ஆய்வு வெளியிட்டது. அந்த வருடமே அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை என்று அறிவித்தது. 2006-ல் தடையைத் தளர்த்தியது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1-ல். நடுவிலே போன வருடங்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். 1966 அக்டோபர் 21-ல் வேல்ஸ் நாட்டு அபர்பான் கிராமத்தில், சுரங்கக் கழிவைக் கொட்டி வைத்திருந்த குன்று சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் மாண்டார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். விசாரணை மன்றம் தேசிய நிலக்கரி வாரியத்தின் மேல் குற்றம் சொன்னது. வாரியத்தின் தலைவர் ராபன்ஸ் பிரபு. வேலையிடப் பாதுகாப்பை ஆராய 1970-ல் குழு அமைத்தபோது, யாரைத் தலைவராகப் போட்டார்கள் தெரியுமா? அதே ராபன்ஸ் பிரபுவைத்தான்! நரிக்கு நாட்டாமை என்று நம் ஊரில் சொல்வோமே, அது ஞாபகத்துக்கு வருகிறது. ஆனாலும் 1972-ல் அந்தக் குழு சொன்ன அடிப்படையை மறுக்க முடியாது. ஆபத்தை உண்டாக்குகிறவன்தான் ஆபத்தைக் களைய வேண்டும். அதில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும். எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஒரே சட்டம் வேண்டும். 1974-ல் பிரிட்டனில் அது சட்டமானது.

நமக்கு அது வர இன்னும் 20 வருடமும் ஒரு பெரிய சாவும் தேவைப்பட்டது. 1991 மே 7-ல் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு, 1994-ல் தொழில்சார் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. அதுவரை நமக்கு இருந்த 1967-ம் ஆண்டுச் சட்டம் ஆலையையும் இயந்திரத்தையும் பார்த்து எழுதியது. 1994 சட்டம்தான் சுரங்கத்தோடு விவசாயத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது.

2024 ஜூன் 1 முதல் அதன் திருத்தம் அமலுக்கு வந்து, பழைய 1967 சட்டம் நீக்கப்பட்டது. கடமை தவறும் முதலாளிக்கு 50,000 வெள்ளியாக இருந்த உச்ச அபராதம் 500,000 வெள்ளி ஆனது. குத்தகைக்காரனிடம் வேலையைக் கொடுத்துவிட்டு "அவன் ஆளு, எனக்குச் சம்பந்தமில்லே" என்று தோட்டம் இனிமேல் கை கழுவ முடியாது; வேலையை வாங்குகிறவருக்கும் கடமை உண்டு. 40 பேருக்குக் குறையாத இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்பது முன்பே உள்ளது. சட்டப்படி தர வேண்டிய கையுறை, காலணி, தலைக்கவசத்துக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது. கொடுத்ததை நாம் போட்டுக்கொள்ளாவிட்டால் நமக்கும் அபராதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று மிக முக்கியம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியும் அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காகத் தண்டிக்கக் கூடாது. ஆனால் சும்மா விலகி வந்து லயத்தில் படுத்துவிடாதீர்கள். முதலில் மண்டோரிடமோ கிராணியிடமோ சொல்லுங்கள், இன்ன இடம், இன்ன ஆபத்து என்று. பக்கத்தில் சாட்சி இருக்கட்டும். எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இனி கணக்கு. புள்ளிவிவர இலாகா கணக்கில் 2020-ல் நாட்டில் 32,674 வேலையிடக் காயங்கள். 2021-ல் 21,534 ஆகக் குறைந்தது. ஆகா, பாதுகாப்பு வளர்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அது கோவிட் ஊரடங்கு. வேலையே பாதி நாள் நடக்கவில்லை. 2022-ல் 34,216 ஆக ஏறிவிட்டது. சாவு 2021-ல் 301, 2022-ல் 312. காயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்த வருடத்திலும் 301 குடும்பம் அழுதிருக்கிறது.

இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது? யாரோ எழுதிக் கொடுத்தால்தான் வரும். நான்கு நாளுக்கு மேல் வழக்கமான வேலைக்குப் போக முடியாத காயத்தை முதலாளி பாதுகாப்பு இலாகாவுக்கு அறிக்கை செய்ய வேண்டும். சொக்சோவின் தற்காலிக ஊனத் தொகைக்கும் குறைந்தது நான்கு நாள் எம்.சி. வேண்டும். அந்த நாலு நாளில்தான் விளையாட்டு நடக்கிறது. "நாலு நாள் எடுக்காதே தம்பி, ரெண்டு நாள் போதும், உக்காந்த வேலை போட்டுத் தர்றேன்" என்று அன்பாகச் சொல்வார்கள். அன்பில் மயங்காதீர்கள். இரண்டு நாள் எம்.சி.யோடு உங்கள் காயம் கணக்கிலிருந்து மறைந்துவிடும். ஆறு மாதம் கழித்து அதே தோள்பட்டை தூக்க முடியாமல் போனால், "எப்ப அடிபட்டே?" என்று கேட்பார்கள். காட்டத் தாள் இருக்காது.

சொக்சோ சட்டம் 1969-ல் நிறைவேறி 1971-ல் நடைமுறைக்கு வந்தது. வேலையில் அடிபட்டு எம்.சி.யில் இருக்கும் நாட்களுக்குச் சராசரித் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். கை கால் நிரந்தரமாக முடங்கினால் மருத்துவ வாரியம் பார்த்து விழுக்காடு போடும். உயிரே போனால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. இதில் முதலாளி தர வேண்டிய தயவு எதுவுமில்லை. மாதாமாதம் கட்டிய பணம் அது. விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் வேலையிட விபத்துப் பாதுகாப்பு வந்துவிட்டது. பக்கத்துக் காட்டில் குலை அறுக்கும் வங்காளதேசத் தம்பிக்கு இது தெரியாது. மொழி தெரியாவிட்டாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

செனாவாங் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. இன்று நம் வீட்டுப் பையன்கள் பலர் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கிறார்கள், விடியற்காலை மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். சொக்சோவுக்கு வரும் விபத்துகளில் பெரும் பங்கு இந்தச் சாலை விபத்துகள்தான். வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் அடிபட்டாலும் அது வேலை விபத்தே. ஆனால் நடுவில் வேறு சோலிக்காக வழி விலகியிருந்தால் தகராறு வரும். அதனால் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு இருந்தாலும், வீட்டில் ஒருவர் போய்ப் போலீஸ் புகார் செய்துவிடுங்கள். எம்.சி. சீட்டு, அன்றைய பஞ்ச் கார்டுப் பதிவு, வீட்டிலிருந்து வேலையிடம் வரை போகும் வழியைக் கையால் வரைந்த ஒரு படம், இவ்வளவும் சேர்த்து எடுத்துக்கொண்டு சங்கக் கிளைக்கு வாருங்கள். பாரம் நிரப்ப நாங்கள் இருக்கிறோம்.