கடாரத்தின் சிம்மாசனத்தில் அமர்ந்து பார்த்தால்...

'கடாரம் கொண்டான்' என்ற பட்டத்தைக் கேட்டதும் தமிழர்களின் மார்பு நிமிர்ந்துவிடும். ராஜேந்திர சோழனின் கப்பற்படை கி.பி. 1025-ல் கடல் தாண்டிப் போய் வென்று வந்த கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் கடாரத்தை இழந்தவன் யார்? அவன் பெயர் என்ன? அதன் பிறகு அவனுடைய ராஜ்யம் என்ன ஆயிற்று? இதற்குப் பதில் சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலரே.

தோற்றவனின் சிம்மாசனத்தில் ஆளை உட்கார வைத்து, 'இப்போது நீ ஆண்டு பார்!' என்று சொல்லும் விளையாட்டுகள் இன்று கம்ப்யூட்டரில் வந்திருக்கின்றன. சரிந்துகொண்டிருக்கும் ஒரு தென்கிழக்கு ஆசியப் பேரரசைத் தேர்ந்தெடுத்து, அது விழாமல் காப்பாற்ற முடியுமா என்று ஆடிப் பார்க்கலாம். கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டு போலத் தோன்றும். ஆனால் பங்காருபேட்டைக்காரர்களுக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

இரண்டு கிளைப் பாதைகள்

பங்காருபேட்டை ரயில் சந்திப்பிலிருந்து இரண்டு கிளைப் பாதைகள் பிரிகின்றன. ஒன்று கோலாருக்குப் போகிறது. மற்றொன்று தங்கவயல் வழியாக மாரிக்குப்பத்துக்குப் போகிறது.

கோலாருக்குப் போனால் கோலாரம்மன் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். குவளாலம் என்ற பெயரில் கங்க மன்னர்களின் பழைய தலைநகராக இருந்த ஊர் அது. சோழர் இப்பகுதியைப் பிடித்த பிறகு 'நிகரிலிச் சோழ மண்டலம்' என்று பெயர் சூட்டினார்கள். கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய அதே அரசனின் ஆணை இந்த மண்ணிலும் ஓடியது.

மாரிக்குப்பம் பாதையில் போனால் வேறொரு சாம்ராஜ்யத்தின் மிச்சத்தைப் பார்க்கலாம். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கி, 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்ட தங்கச் சுரங்கங்கள் அங்கே இருக்கின்றன. ஒரு பாதையின் முனையில் வென்றவனின் கல்வெட்டு. மறு பாதையின் முனையில் ஓய்ந்துபோன சுரங்கம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது பங்காருபேட்டை.

வெல்பவர் ஆட்டம், தோற்பவர் ஆட்டம்

சரித்திர விளையாட்டுகளில் இரண்டு வகை உண்டு. கோட்டை கட்டி, படை திரட்டி, எதிரியை அழித்து வெற்றி பெறுவது ஒரு வகை. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இந்த வகையைச் சேர்ந்தது. அதன் இரண்டாம் பதிப்பில் 2016-ல் ஜாவாவின் மஜபாகித் அரசின் முதன்மந்திரி கஜ மதாவின் படையெடுப்புகளைச் சேர்த்தார்கள். 2022-ல் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும் சேர்ந்தன. சுருள்வாள் வீரர்களும், 'திரிசடை' என்ற பெயரில் போர்க் கப்பலும் அதில் உண்டு.

இன்னொரு வகையில் ஆட்டக்காரர் முழு ராஜ்யத்தையும் நடத்த வேண்டும். கஜானா, வரி, கடன், வாணிகம், படை, மதம், குடிகளின் மனநிலை எல்லாம் அவர் பொறுப்பு. சுவீடன் நாட்டுப் பாரடாக்ஸ் நிறுவனம் 2013-ல் வெளியிட்ட 'யூரோப்பா யுனிவர்சாலிஸ்' நான்காம் பதிப்பு இதற்குப் பேர்போனது. கைப்பேசி போதாது, கம்ப்யூட்டர் வேண்டும். 1444 நவம்பர் 11-ந் தேதி கதை தொடங்குகிறது. நாள் நாளாகக் காலம் நகர்ந்து 1821 வரை போகும். 'இதுதான் வெற்றி' என்று யாரும் கோடு கிழித்துத் தருவதில்லை. எதை வெற்றி என்று கொள்வது என்பதை ஆட்டக்காரரே முடிவு செய்ய வேண்டும்.

அந்த 1444-ல் மஜபாகித்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது? பழைய புகழ் கிடைக்கிறது. பலம் கிடைப்பதில்லை. 1293-ல் தோன்றிய அந்த அரசு, 1350 முதல் 1389 வரை ஆண்ட ஹயம் வூருக் காலத்தில் உச்சத்தில் இருந்தது. 1404 முதல் 1406 வரை அரச குடும்பத்துக்குள்ளேயே நடந்த போர் அதன் முதுகெலும்பை முறித்தது. அதே சமயத்தில் ஜலசந்திக் கரையில் மலாக்கா என்ற புதிய துறைமுகம் எழுந்து வாணிகத்தைத் தன் பக்கம் இழுத்தது. ஜாவாவின் கடற்கரை நகரங்கள் இஸ்லாத்தைத் தழுவித் தனி வழியில் நடக்கத் தொடங்கின. சரித்திரத்தில் 1527-ஐ ஒட்டி மஜபாகித்தின் கதை முடிந்தது. ஆட்டத்தில் அதைத் தடுக்க முடியுமா என்பதுதான் சவால்.

வாளை எடுத்தவன் கடனாளி!

புதிதாக ஆட வருபவர் செய்யும் முதல் காரியம் படை எடுப்பது. பழைய வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டு, போன தீவுகளையெல்லாம் மீட்கப் புறப்படுகிறார். சில ஆண்டுகளில் கஜானா காலியாகிறது. கடன் வாங்குகிறார். அந்த வட்டியைக் கட்ட மறு கடன். ஆள் பலம் தீர்ந்துபோகிறது. வென்ற ஊர்களில் கலகம் வெடிக்கிறது. கடைசியில் திவாலாகி, எதிரியிடம் தோற்பதற்கு முன்பே தன்னிடமே தோற்றுப் போகிறார்.

கப்பம் கட்டும் சிற்றரசுகளின் மனதை அளக்கவும் ஆட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 'விடுதலை ஆவல்' என்று அதைச் சொல்லலாம். அது 50 சதவீதத்தை எட்டினால் சிற்றரசன் விசுவாசமாக இருக்க மாட்டான். பேரரசன் பலவீனமானால் அது ஏறும். நல்லுறவு வளர்த்தால் இறங்கும். அனுபவப்பட்டவர்கள் ஆகாத படையைக் கலைப்பார்கள். கடனை அடைப்பார்கள். எந்த ஊரை விட்டால் மற்ற ஊர் பிழைக்கும் என்று கணக்குப் போடுவார்கள். சரியும் அரசுக்கு, எதை வைத்துக்கொள்வது என்ற முடிவே பெரிய முடிவு.

தங்கவயல்காரர்களைத் திடுக்கிட வைக்கும் ஒரு விதியும் அதில் உண்டு. தங்கச் சுரங்கம் உள்ள மாகாணம் கஜானாவில் பணத்தைக் கொட்டும். ஆனால் வருமானத்தில் தங்கத்தின் பங்கு கூடக் கூட விலைவாசியும் ஏறும். ஒரு வரம்புக்கு மேல் சுரங்கத்தைப் பெருக்கினால், அது வற்றிப்போகும் அபாயமும் இருக்கிறது. சுவீடனில் உட்கார்ந்து இந்த விதியை எழுதியவர்கள், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் கதையைத்தான் எழுதினார்களோ என்று தோன்றும்.

இழந்தவன் பெயர்

இனி கடாரத்துக்கு வருவோம். 1025-ல் சிறைப்பட்ட அரசன் பெயர் சங்கிராம விஜயோத்துங்க வர்மன். அவனுடைய ராஜ்யம் ஸ்ரீவிஜயம். சுமத்ராவின் பாலெம்பாங் அதன் தலைமையிடம். இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம்தான் கடாரம்.

ஸ்ரீவிஜயம் வயலை நம்பிய அரசு அல்ல. சீனாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவில் ஓடிய கப்பல்கள் அதன் ஜலசந்தியைக் கடந்தாக வேண்டும். அதன் துறைமுகத்தில் நின்றாக வேண்டும். அதில்தான் அதன் செல்வம் இருந்தது. கி.பி. 671-ல் அங்கே தங்கிய சீனத் துறவி இத்சிங் அதன் பௌத்தக் கல்வியைப் புகழ்ந்திருக்கிறார்.

சோழருக்கும் அதற்கும் முதலில் நட்பே இருந்தது. ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டினார். அதற்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தை மானியமாக அளித்தான். சுமார் 20 ஆண்டுகள் சென்ற பிறகு அவன் மகனின் கப்பல்கள் அதே நாட்டைத் தாக்கின. வாணிகப் பாதையில் யார் கை ஓங்குவது என்ற போட்டியே இதற்குக் காரணம் என்று சரித்திர ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஆனால் ஸ்ரீவிஜயம் அந்த ஓர் அடியில் விழுந்துவிடவில்லை. அதன் மையம் ஜாம்பிக்கு நகர்ந்தது. 1068-ஐ ஒட்டி வீரராஜேந்திர சோழன் கடாரத்தை மீண்டும் வென்று, தன்னிடம் உதவி கேட்டு வந்த அரசனிடமே திருப்பிக் கொடுத்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. சீன வணிகர்கள் தங்கள் கப்பல்களிலேயே தென்கடல்களுக்கு நேராக வரத் தொடங்கியதுதான் அந்த அரசுக்கு விழுந்த பெரிய அடி. இடைத்தரகன் தேவைப்படாத காலம் வந்ததும், இடைத்தரகனின் சாம்ராஜ்யம் கரைந்தது.

இந்தக் காலத்தையும் ஆடிப் பார்க்க முடியும். அதே பாரடாக்ஸ் நிறுவனத்தின் 'குரூசேடர் கிங்ஸ்' மூன்றாம் பதிப்பில் 2025 அக்டோபரில் தென்கிழக்கு ஆசியாவும் சேர்க்கப்பட்டது. 1066-ம் ஆண்டை அதில் தொடக்கமாகத் தேர்ந்தெடுக்கலாம். அதாவது, ராஜேந்திரன் கப்பல் அனுப்பி 41 ஆண்டுகள் கழிந்த நேரம்.

கொண்டவனும் இழந்தான்

வென்றவர் கதி என்ன ஆயிற்று? 1117-ஐ ஒட்டி ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் சோழரிடமிருந்து தலக்காட்டைப் பிடித்தான். 'தலக்காடுகொண்ட' என்று பட்டம் சூடிக்கொண்டான். 'கடாரம் கொண்டான்' பரம்பரைக்கே ஒருவன் 'கொண்டான்' ஆகி வந்தான். 1279-ஐ ஒட்டிச் சோழ வமிசமே முடிந்தது. இன்று தமிழனும் கன்னடனும் பக்கத்து வீட்டுக்காரர்களாய் வாழும் இந்த மாவட்டத்தில், இரண்டு 'கொண்டான்'களின் கதையையும் சேர்த்துப் படிப்பதே நியாயம். ஒரு பக்கம் மட்டும் படித்தால் பெருமை மிஞ்சும். இரு பக்கமும் படித்தால் அறிவு மிஞ்சும்.

ஆட்டத்தில் இல்லாதவர்கள்

இந்த ஆட்டத்தில் ஒரு பெரிய குறையும் உண்டு. அதில் அரசன் இருக்கிறான், மந்திரி இருக்கிறார், தளபதி இருக்கிறார். குடிமக்கள் மட்டும் வெறும் எண்களாக இருக்கிறார்கள். 'ஆள் பலம் இத்தனை ஆயிரம்' என்று ஒரு மூலையில் தெரியும், அவ்வளவுதான். அரசு விழுந்தால் திரை மூடிவிடும்.

நிஜத்தில் திரை மூடுவதில்லை. பாலெம்பாங்கிலிருந்து வெளியேறிய இளவரசன் பரமேசுவரன் 1400-ஐ ஒட்டி மலாக்காவை நிறுவினான். ஜலசந்தியின் ஒவ்வொரு திட்டும் திருப்பமும் அறிந்த கடலோடி மக்கள் அவனுக்குத் துணை நின்றார்கள். சிம்மாசனம் போயிற்று; தொழில் தெரிந்த கைகள் போகவில்லை. பழைய துறைமுகம் மங்கிய பிறகு அந்தக் கைகள் புதிய துறைமுகத்தை எழுப்பின.

தங்கவயலின் கணக்கும் இதுதான். வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கி உழைத்தார்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே போயிற்று. ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் வரவரக் குறைந்தது. எடுக்கும் செலவு ஏறியது. 1956-ல் மைசூர் அரசும், பிறகு மத்திய அரசும் எடுத்து நடத்திய பின்னும் கணக்கு நேராகவில்லை. ஒரே பொருளை நம்பிய ராஜ்யம் ஸ்ரீவிஜயத்தைப் போலவே ஓய்ந்தது.

ஆனால் ஊர் சாகவில்லை. மாரிக்குப்பத்திலும், உரிகத்திலும், கோரமண்டலிலும் விடியுமுன் ரயிலேறுகிறார்கள் மக்கள். பங்காருபேட்டையில் இன்னொரு கூட்டம் ஏறிக்கொள்கிறது. பெங்களூரின் கடைகளுக்கும், ஆலைகளுக்கும், ஆபீஸ்களுக்கும் போய் உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். எந்த விளையாட்டிலும் இவர்களுக்கு மதிப்பெண் இல்லை. சரிந்த ஒரு சாம்ராஜ்யத்தைத் தாங்கிப் பிடித்திருப்பவர்கள் இவர்கள்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

'இரவெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறானே' என்று கவலைப்படும் பெற்றோரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்த ஆட்டம் ஒன்று முடிய நாற்பது, ஐம்பது மணி நேரம் கூட ஆகும். பாடமும் தூக்கமும் கெட்டால் எந்தப் பேரரசைக் காப்பாற்றியும் பயன் இல்லை. நேரத்துக்கு ஒரு வரம்பு கட்டாயம் வேண்டும்.

ஆனால் பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்கலாம்: 'நீ எந்த ராஜ்யத்தை ஆளுகிறாய்? அது ஏன் சரிகிறது?' அவன் பதில் சொல்லத் தொடங்கினால் வாணிகம், கடன், மதம், கடற்பாதை எல்லாம் பேச்சில் வரும். அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கோலாரம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கல்வெட்டைக் காட்டலாம். திரும்பி வரும்போது சாம்பியன் பக்கம் சயனைடு மேடுகளையும் காட்டலாம். தாத்தா எந்தச் சுரங்கத்தில் எந்த ஷிப்டில் இறங்கினார் என்று சொல்லலாம். கம்ப்யூட்டரில் 'ஆள் பலம்' என்று வெறும் எண்ணாகத் தெரிந்தவர்கள் யார் என்பது அப்போது அவனுக்கு விளங்கும்.