மார்கழியில் தாய்மாருக்கு ஓய்வு உண்டா?

மார்கழி பிறந்துவிட்டால் காரைக்கால் தெருக்களில் விடியுமுன்னே கோலம் தெரியும். பனியில் குனிந்து கோலமிட்ட பெண், அடுத்து அடுப்படிக்குப் போவாள். இரவில் கடைசியாகப் படுப்பவளும் அவளே!

வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது அருமையான இடைவெளி. சம்பா நடவும் களையெடுப்பும் முடிந்திருக்கும். தை பிறந்தால் அறுவடை. இந்த நாட்களில் உடம்பைத் தேற்றிக்கொள்ளாவிட்டால், பிறகு எப்போது?

இயற்கையும் இடம் தருகிறது. ஆண்டிலேயே நீண்ட இரவு மார்கழியில்தான் வருகிறது. காரைக்காலில் அது சுமார் 12½ மணி நேரம். அதில் 7 மணி நேரமாவது தூங்கவேண்டும்.

குறுக்கே நிற்பது எது?

வீட்டு வேலைதான். 2024-ல் மத்திய அரசு நாடெங்கும் கணக்கு எடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அதில் நாளொன்றுக்கு 289 நிமிஷம் போகிறது. வீட்டு வேலை செய்யும் ஆணுக்கோ 88 நிமிஷம்தான்!

சோர்வு சோம்பல் அல்ல

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. அடிக்கடி மூச்சு வாங்கினால், தலை சுற்றினால், அரசு ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, மீன் சாப்பாட்டில் இருக்கட்டும். எலுமிச்சை சேர்த்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகப் பிடிக்கும். சாப்பிட்டவுடன் காப்பி, தேநீர் வேண்டாம்.

கோலம் சிறிதானாலும் குற்றமில்லை. மகன் தண்ணீர் பிடித்து வைக்கட்டும். கணவர் அடுப்பைப் பற்றவைக்கட்டும். தாய் கூடுதலாகத் தூங்கும் அந்த அரை மணி நேரம், குடும்பத்துக்கே பலம்!