நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த மயிலை

சென்னையின் வரைபடத்தில் நேப்பியர் பாலத்துக்கும் அடையாற்றுக் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட கரையோரத்தை உற்றுப் பார்த்தால், அது ஒரு சிறு தீவு என்பது புலப்படும். வடக்கே கூவம், தெற்கே அடையாறு, கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய் என நாற்புறமும் நீர் சூழ்ந்த இந்த நிலப்பட்டையில்தான் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலும், சாந்தோம் பேராலயமும், பட்டினப்பாக்கத்து மீனவர் குடியிருப்புகளும் அமைந்துள்ளன. பாலங்கள் பல இருப்பதால் தீவில் வாழ்வதாக இங்கே எவருக்கும் தோன்றுவதில்லை. ஆயினும் குடிநீர், நிலத்தடி நீர், வெள்ளம் ஆகிய மூன்றிலும் இப்பகுதி எதிர்கொள்வன பெரும்பாலும் ஒரு சிறு தீவின் இடர்களே.

இந்நிலத்தைத் தீவாக்கியது ஒரு பஞ்சம். தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876-78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தின்போது, பட்டினியில் வாடிய மக்களுக்குக் கூலியும் உணவும் கிடைப்பதற்கான நிவாரணப் பணியாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. நீளக் கால்வாய் 1877-78இல் வெட்டப்பட்டு, அன்றைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. மழை பொய்த்ததால் வாடியவர்களின் உழைப்பில் உருவான இந்தப் படகுப் போக்குவரத்துக் கால்வாய், இன்று மழை மிகும்போது தெருவெள்ளத்தை ஏற்கும் வடிகாலாகப் பயன்படுகிறது. அதன் படுகையிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நடப்பட்டதும், ஆண்டு முழுவதும் கழிவுநீர் கலப்பதும், சேறு படிவதும் அதன் கொள்ளளவைப் பெரிதும் குறைத்துவிட்டன.

கடலோர மணல் நிலத்தில் நன்னீர் எவ்வாறு தங்குகிறது என்பது இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிட அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் ஐரோப்பிய அறிஞர் இருவரின் பெயரால் வழங்கும் விதியின்படி, நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், பாறை குறுக்கிடாத வரை, கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். இதன் மறுபக்கம் அச்சம் தருவது: மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை ஒரு மீட்டர் தாழ்த்தினால், அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர்வரை மேலேறக்கூடும். ஒருமுறை உவர்த்த மணல் மீண்டும் இனிக்கப் பல பருவமழைகள் வேண்டும். சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழமாக்குவது தண்ணீரைத் தேடுவதாகாது, கடலைத் தேடுவதாகும்.

தீவுக்கு வெளியிலிருந்து வரும் நீரும் உறுதியானதன்று. 1872இல் செங்குன்றம் ஏரி நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் சேர்ந்தது. ஆந்திரத்துடன் 1983இல் செய்த ஒப்பந்தத்தின் பயனாக 1996இல் கிருஷ்ணா நீர் வந்தது. 2004இல் வீராணமும், 2010இல் மீஞ்சூர்க் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் தொடர்ந்தன. இத்தனைக்குப் பிறகும் 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வரவேண்டியதாயிற்று.

அதே நகரில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையின்மேல் மட்டும் ஓராண்டில் விழுவது ஏறத்தாழ 3,12,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரிகள் 26 சுமக்கும் தண்ணீர் அது. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003ஆம் ஆண்டு அவசரச் சட்டம் இந்தக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. அதற்கு முன்பே பெசன்ட் நகரில் வீடு வீடாகச் சென்று இதை வலியுறுத்திய இயற்பியலாளர் சேகர் ராகவன், மந்தைவெளியில் மழை மையத்தை நடத்தி, மாடியில் விழும் நீரை வடிகட்டிப் பழைய திறந்தவெளிக் கிணற்றிலேயே விடும் எளிய முறையைப் பரப்பினார். மயிலையின் பழைய வீடுகள் பலவற்றில் கொல்லைக் கிணறு இருந்ததால் இம்முறைக்குச் செலவும் குறைவு; ஆனால் அடுக்ககம் கட்டும்போது முதலில் தூர்க்கப்படுவதும் அந்தக் கிணறுதான்.

எல்லா மண்ணும் நீரை ஒரே விதமாக உள்வாங்குவதில்லை. அடையாறும் சாந்தோமும் மணற்பாங்கானவை. தியாகராய நகர் களிமண். மேலும் அது 1920களில் மாம்பலம் ஏரியின் படுகையில் எழுப்பப்பட்ட நகர். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை அந்த ஏரியின் எஞ்சிய நினைவு. அங்கே நீர் கீழிறங்கத் தயங்குவதால், மாம்பலம் கால்வாய் வழியே அடையாற்றுக்குப் போயாக வேண்டும்; 2021 நவம்பரில் அந்த வழி தடைபட்டபோது நகரின் முதன்மைக் கடைத்தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றன. அடையாறே நிரம்பி ஓடினால் கால்வாய் நீருக்குப் போக்கிடமும் இல்லை. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடிவரை திறந்துவிடப்பட்ட 2015 டிசம்பரில் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. கடலோரமாக நகரும் மணல் கூவம், அடையாறு முகத்துவாரங்களை அடைத்துவிடுவது இந்நிலையை மேலும் கடினமாக்குகிறது.

இன்னொரு தீவான சிங்கப்பூர் இதே சிக்கலை எதிர்கொண்ட விதம் ஒப்புநோக்கத்தக்கது. அங்கே 2008இல் திறக்கப்பட்ட மரீனா அணைக்கட்டு, கடல் வற்றும்போது கதவுகளைத் திறந்தும், ஏறும்போது பம்புகளால் இறைத்தும் வெள்ளத்தை வெளியேற்றுவதோடு, உள்ளே நன்னீரைத் தேக்கியும் வைக்கிறது. கூவத்திலும் அடையாற்றிலும் கழிவுநீர் கலக்கும் வரை, முகத்துவாரத்தில் அத்தகைய அணை கட்டினால் தேங்குவது குடிநீராக இருக்காது. எனவே அங்கிருந்து பெறத்தக்கது அணையன்று, நிர்வாக ஏற்பாடு: 2001 முதல் குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் மூன்றும் பொதுப் பயனீட்டுக் கழகம் என்ற ஒரே அமைப்பின் பொறுப்பில் உள்ளன.

மயிலையிலோ குழாய்நீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்திடமும், தெரு மழைநீர் வடிகால் மாநகராட்சியிடமும், கால்வாயும் ஆறுகளும் நீர்வளத் துறையிடமும், கபாலீசுவரர் தெப்பக்குளம் அறநிலையத் துறையிடமும் இருக்கின்றன. சாலையோரம் கான்கிரீட் வடிகால் கட்டுபவர் நீர் எவ்வளவு விரைவாகக் கடலுக்குப் போகிறது என்று அளக்கிறார். எவ்வளவு மணலுக்குள் இறங்கியது என்று அளக்கும் கடமை அவருக்கு இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையோர மணற்பகுதியில் இத்தகைய வடிகால்களைக் குடியிருப்போர் எதிர்த்து, வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றதற்குக் காரணம் இதுவே. மணற்பாங்கான தெருக்களில் வடிகாலின் அடியில் இடைவெளிவிட்டு உறைகிணறுகளை இறக்கி, அவை நிறைந்த பின்னரே உபரி நீர் கால்வாய்க்குச் செல்லுமாறு அமைப்பது இரு நோக்கங்களுக்கும் உதவும். 2003இல் மழைநீர்ச் சேகரிப்புக்காகத் தோண்டிய வீட்டுக் குழிகள் பலவற்றில் மண் அடைந்துவிட்ட நிலையில், அவற்றையும் இந்த உறைகிணறுகளையும் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன் தெருத்தெருவாகச் சோதித்துத் தூர்வாரும் வேலை, பெயர் குறிப்பிடப்பட்ட ஒரே அலுவலகத்தின் பொறுப்பாக வரையறுக்கப்பட வேண்டும்.